ஐந்தரை மாதக் காக்டெயிலுக்கு இறகு கொட்டுகிறது: நோயா, முதல் இறகு மாற்றமா?

கேள்வி: எங்கள் சாம்பல் நிறக் காக்டெயில் கிளிக்கு ஐந்தரை மாதம் ஆகிறது. குஞ்சாக வாங்கி ஊட்டி வளர்த்தோம். பத்து நாளாகக் கூண்டுக்கு அடியில் இறகு குவிகிறது. தலை முழுக்க முள் முள்ளாக ஏதோ முளைத்திருக்கிறது. முன்பெல்லாம் சொறிந்துவிடச் சொல்லித் தலையைக் குனிந்து காட்டுவான். இப்போது கை வைத்தாலே கடிக்கிறான். விசில் அடிப்பதும் குறைந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் இது பேன்தான், ஸ்பிரே அடியுங்கள் என்றார், இன்னும் அடிக்கவில்லை. விதைக் கலவைதான் சாப்பாடு, தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலந்து வைக்கிறோம். முந்தாநாள் நள்ளிரவில் கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டான். காலையில் பார்த்தால் இடது சிறகில் ரத்தம் ஒரு துளி காய்ந்திருந்தது. இது நோயா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஆணா பெண்ணா என்று இப்போது தெரிந்துவிடுமா?

பதில்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ரத்தத் துளியைப் பேசிவிடுவோம். இறகு கொட்டுவது காத்திருக்கும், ரத்தம் காத்திருக்காது.

வளர்ந்து முடிந்த இறகு நம் நகத்தின் நுனி மாதிரி உயிரற்றது. வெட்டினாலும் வலிக்காது. ஆனால் இப்போதுதான் முளைத்துவரும் இறகுக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது. அதன் அடித்தண்டு கருநீலமாக, தடித்துத் தெரியும். ரத்த இறகு என்பது இதைத்தான். பறக்கும் இறகிலும் வால் இறகிலும் இந்தத் தண்டு பெரிதாக இருப்பதால், முறிந்தால் குழாய் திறந்த மாதிரி ரத்தம் வரும். காக்டெயிலுக்கு இரவில் திடீரென்று மிரண்டு கூண்டுக் கம்பிகளில் மோதிக்கொள்ளும் சுபாவம் மற்றக் கிளிகளைவிட அதிகம். இறகு மாறும் காலமும் இரவு மிரட்சியும் ஒன்றாகச் சேரும்போது நீங்கள் பார்த்தது நடக்கும்.

இன்றைக்கே ஒருவர் பறவையை மெல்லிய துண்டில் பொதிந்து பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நல்ல வெளிச்சத்தில் இடது சிறகை விரித்துப் பாருங்கள். பிடிப்பவர் மார்பை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும். கருநீலத் தண்டு ஏதாவது வளைந்தோ பிளந்தோ இருக்கிறதா, ரத்தம் காய்ந்து நின்றுவிட்டதா என்று பாருங்கள். காய்ந்து நின்றிருந்தால் அதைத் தொடாமல் விடுவதே சரி. உட்காரும் குச்சிகளைத் தாழ்த்தி வையுங்கள், இரண்டு மூன்று நாள் பறக்கவிடாதீர்கள். அந்த இறகு தானாக வளர்ந்து முடியும், அல்லது விழுந்து வேறொன்று முளைக்கும். சிறகு ஒரு பக்கம் தொங்கினாலோ, மடித்து வைக்க முடியாமல் இருந்தாலோ அடிபட்டது இறகு மட்டுமல்ல. மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுபடி ரத்தம் வந்தால் உடைந்த தண்டின் நுனியில் கார்ன்ஃப்ளாரை ஒரு சிட்டிகை வைத்து, சுத்தமான துணியால் 3 முதல் 5 நிமிடம் விடாமல் லேசாக அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். நகம் வெட்டும்போது ரத்தம் நிற்கப் போடும் ஸ்டிப்டிக் பொடி இருந்தால் அதையும் தண்டின் நுனியில் மட்டும் போடலாம். தோலிலோ, இறகு பிடுங்கிய குழியிலோ அது பட்டால் தசை வெந்துபோகும். நின்றபின் பறவையை இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, ஒரு மணி நேரமாவது கண்ணில் படும்படி வைத்திருங்கள்.

எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பறவையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ரத்தம். உங்கள் காக்டெயில் 90 கிராம் என்றால் உடம்பில் இருப்பது சுமார் 9 மி.லி. ஆரோக்கியமான பறவை அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது கிட்டத்தட்ட 1 மி.லி.யை இழந்தால் தாங்கும். அது ஏறத்தாழ 20 சொட்டு. துணியில் அதைவிட அதிகம் ஊறியிருந்தால், அல்லது பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால், வீட்டு வைத்தியம் முடிந்தது; உடனே மருத்துவமனை.

உடைந்த ரத்த இறகைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். வீட்டில் செய்யாதீர்கள். அந்த இறகு சிறகெலும்போடு ஒட்டியே வேரூன்றியிருக்கிறது. எலும்பைத் தாங்கிப் பிடிக்காமல் இழுத்தால் எலும்பு முறியும், குழி கிழிந்தால் அந்த இடத்தில் இனி வரும் இறகெல்லாம் கோணலாக முளைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வலியைப் பறவை மறக்காது. ரத்தம் நிற்கவே இல்லை என்றால் மருத்துவர் சரியான கருவியோடு, வலி மருந்தோடு அதைச் செய்வார்.

இன்றிரவு முதல் கூண்டுக்கு அருகில் மங்கலான ஒரு சிறு விளக்கு எரியட்டும். மிரண்ட பறவைக்குத் தன் குச்சி எங்கே என்று தெரியும் அளவு வெளிச்சம் போதும். கூண்டை முழுக்க மூடுவதாக இருந்தால் ஒரு பக்கத்தைத் திறந்தே விடுங்கள். தொங்கும் மணி, கண்ணாடி, கூரான பொம்மை எல்லாவற்றையும் இறகு மும்முரமாக மாறும் இந்த இரண்டு மாதத்துக்கு வெளியே எடுத்துவிடலாம்.

இனி உங்கள் கேள்விக்கு. வயதும் அறிகுறிகளும் முதல் இறகு மாற்றத்தோடு அச்சாகப் பொருந்துகின்றன. கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு நான்கைந்து வாரத்துக்குள் உடம்பு முழுக்க இறகு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பறக்க முடியாது. அவசரமாக நெய்த துணி போல அந்த முதல் இறகுகள் இழை நெருக்கம் குறைந்தவை, சீக்கிரம் தேய்பவை. சில மாதம் கழித்து அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு உடம்பு நிதானமாகத் தரமான இறகை வளர்க்கிறது. புது இறகு அடியிலிருந்து முளைத்துத் தள்ளுவதால்தான் பழையது விழுகிறது. ஆகவே கூண்டுத் தட்டில் விழுந்ததை எண்ணிப் பயப்பட வேண்டாம். விழுந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று பாருங்கள். நோயையும் இறகு மாற்றத்தையும் பிரித்துச் சொல்வது அதுதான்.

எந்தக் கிளிக்கு எப்போது என்பது இனத்துக்கு இனம் மாறும். பட்ஜிக்கு (பலரும் லவ் பேர்ட்ஸ் என்று அழைப்பது இதைத்தான்) மூன்று நான்கு மாதத்திலேயே தொடங்கிவிடும்; நெற்றியில் அலகு வரை இறங்கியிருக்கும் கறுப்புக் கோடுகள் பின்னுக்குப் போய் நெற்றி தெளியும். உண்மையான லவ்பேர்ட், அதாவது குட்டை வால் ஆப்பிரிக்கக் கிளி, நான்கிலிருந்து ஆறு மாதத்தில். காக்டெயில் ஐந்தாறு மாதத்தில் தொடங்கி, நீள இறகுகள் எல்லாம் மாறி முடியும்போது அதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயது ஆகியிருக்கும். சன் கனூரில் ஆறு மாத வாக்கில் பச்சை இறகுகள் உதிர்ந்து மஞ்சளும் ஆரஞ்சும் தலைகாட்டும். முழு நிறம் கூட ஒன்றரை, இரண்டு வருடம்கூடப் பிடிக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதம். வால் நுனியில் இருக்கும் கருஞ்சிவப்பு போய்ப் பளிச்சென்ற சிவப்பு வரும். அமேசான், மக்காவ் போன்ற பெரிய கிளிகளுக்கு ஏறக்குறைய ஒரு வயதில். ஒன்றிரண்டு மாதம் முன்பின் ஆவது சாதாரணம்.

இயல்பான இறகு மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கிளியின் ஒவ்வொரு சிறகிலும் பத்து முதன்மைப் பறக்கும் இறகுகள் உண்டு. மாற்றம் பெரும்பாலும் நடுவில், ஆறாவது இறகு அல்லது அதன் பக்கத்திலிருந்து தொடங்கி, உள்ளும் வெளியுமாக இரு திசையிலும் போகும். இடது சிறகில் ஒன்று விழுந்தால் சில நாளில் வலது சிறகிலும் அதே இடத்தில் ஒன்று விழும். ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் குறைந்தால் பறவை சாய்ந்துபோகுமே! விழுந்த நீள இறகுகளைத் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். இடம், வலம் ஜோடி சேர்கிறதா என்று பிறகு பார்க்கலாம். ஒரு சிறிய இறகு வளர மூன்று நான்கு வாரம், வாலின் நீள இறகுக்கு இன்னும் சில வாரம் கூடுதல்.

வழுக்கை மட்டும் வரக்கூடாது. இறகு மாறும் பறவை அலங்கோலமாகத் தெரியும், கொண்டை மெலியும், கழுத்தில் அடியிலிருக்கும் தூவி எட்டிப் பார்க்கும். ஆனால் தோல் வெறுமையாகத் தெரியாது. (மஞ்சள் உடம்பும் சிவந்த கண்ணுமுள்ள லுட்டினோ வகைக் காக்டெயிலில் கொண்டைக்குப் பின்னால் பெரும்பாலும் பிறவியிலேயே ஒரு சொட்டை இருக்கும். அது பரம்பரைக் குறை. உணவாலோ மருந்தாலோ மூடாது. உங்களுடையது சாம்பல் நிறம் என்பதால் இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.)

தோல் தெரிந்தால் எங்கே தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். மார்பிலும் காலிலும் இறகு இல்லை, தலை மட்டும் அழகாக இருக்கிறது என்றால் பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது. அலகு தலைக்கு எட்டாதே. தலையிலும் போயிருந்தால் கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது இறகுக் குழியிலேயே நோய். காக்டெயில் தொடையின் உட்பக்கத்தையும் சிறகின் அடியையும் கத்திக்கொண்டே கடித்துப் பிடுங்கினால் குடலில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். புது எச்சத்தைச் சோதித்தால் தெரியும்.

எல்லாரையும் பயமுறுத்துவது அலகு-இறகு நோய். சர்க்கோவைரஸால் வருவது, பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வெளிப்படுவது, முதல் இறகு மாற்றத்தின்போது கண்ணில் படுவது. அதனால்தான் இந்தக் குழப்பம். அந்த நோயில் புதிதாக வரும் இறகே கெட்டுப்போய் வரும். தண்டின் அடி இறுக்கிக் கட்டியது போல ஒடுங்கியிருக்கும், முனை குண்டாகச் சுருண்டிருக்கும், உறை உரியாமல் அப்படியே நிற்கும், தண்டுக்குள் பழைய ரத்தம் கறுத்துத் தெரியும், இரு பக்கமும் ஒரே மாதிரி இழப்பு கூடிக்கொண்டே போகும். காக்டெயிலில் இது மற்றக் கிளிகளைவிடக் குறைவு. ஆனாலும் இப்படி இரண்டு மூன்று இறகு பார்த்தால் ரத்தத்திலும் இறகிலும் பிசிஆர் சோதனை செய்யச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை வேறு பறவைகளோடு சேர்க்காதீர்கள். பட்ஜிக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் வயதிலேயே சிறகு, வால் இறகுகளை மொத்தமாக இழந்து தரையில் ஓடித் திரிந்தால் அது முதல் இறகு மாற்றம் அல்ல; பாலியோமாவைரஸ் அல்லது இதே சர்க்கோவைரஸ்.

நீங்கள் ஸ்பிரே அடிக்காமல் எழுதிக் கேட்டது பெரிய நிம்மதி. வீட்டுக்குள் தனியாக வளரும் காக்டெயிலின் இறகை உதிர வைக்கும் அளவுக்குப் பேன் இருப்பது அரிது. சந்தேகம் தீர ஒரு வழி: இரவில் கூண்டுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து, விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்தம் குடிக்கும் உண்ணி இருந்தால் சிவந்த புள்ளிகளாக நகரும். ஒன்றும் இல்லை என்றால் விஷயம் முடிந்தது. பூச்சிக்கொல்லி ஸ்பிரேயைப் பறவை மூச்சில் இழுக்கும், பிறகு இறகு கோதும்போது வாயாலும் விழுங்கும். கூண்டில் தொங்கவிடும் பேன் தடுப்பு வில்லைகளும் வேண்டாம். அந்துருண்டை வகை ரசாயனம் கொண்டவை அவை, ஈரலைக் கெடுக்கும்.

உணவுதான் இந்த இரண்டு மாதத்தின் முக்கியமான வேலை. இறகில் பத்தில் ஒன்பது பங்கு கெரட்டின் என்ற புரதம். கெரட்டினுக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். அவற்றின் மூலப்பொருள் மெத்தியோனின். விதைக் கலவையில் கொழுப்பு மிகுதி. மெத்தியோனின், லைசின், கால்சியம், வைட்டமின் ஏ எல்லாம் பற்றாக்குறை. சாதாரண நாளில் அந்தக் குறை வெளியே தெரியாது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இறகு முளைக்கும்போது தெரிந்துவிடும். எங்கே தெரியும் என்றால் இறகிலேயே. வளரும்போது சத்து தட்டிய நாளில், அல்லது பறவை கடுமையாக மிரண்ட நாளில், இறகின் குறுக்கே கண்ணாடி போல மெல்லிய கோடு விழும். அழுத்தக் கோடு என்று சொல்வோம். பிறகு அந்தக் கோட்டில்தான் இறகு முறியும். புது இறகுகள் வந்ததும் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள்; ஒன்றிரண்டு கோடு பரவாயில்லை, இறகுக்கு இறகு அதே உயரத்தில் கோடு இருந்தால் அந்த வாரம் ஏதோ தவறியிருக்கிறது.

விதையை ஒரே நாளில் நிறுத்திப் பெல்லெட் என்ற குருணைத் தீவனத்துக்கு மாற்றாதீர்கள். காக்டெயிலுக்குப் பழகாத பொருள் சாப்பாடாகவே தெரியாது, பட்டினி கிடக்கும். இறகு மாறும் நடுவில் பட்டினி என்பது கட்டும் வீட்டில் செங்கல் வண்டியை நிறுத்துவது. அந்த மாற்றத்தை இறகு வேலை அடங்கியபின், சில வாரம் எடுத்துச் செய்யுங்கள். இப்போதைக்கு விதையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே சேர்ப்போம். நன்றாக வேகவைத்த முட்டையை நசுக்கி அரை டீஸ்பூன், வாரத்துக்கு மூன்று நாள், காலையில் விதை வைப்பதற்கு முன். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், முட்டை சீக்கிரம் கெடும். முட்டை இல்லாத நாளில் முளைகட்டிய பயறு ஒரு டீஸ்பூன். முளை விட்டதும் நன்றாக அலசி, புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். தினமும் வைட்டமின் ஏ-க்காகத் துருவிய கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, மஞ்சள் பூசணி, கீரை இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டு டீஸ்பூன் அளவு. கால்சியத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் சொருகி வையுங்கள். புதுக் காய்களைப் பறவை முதலில் தொடாது. நீங்கள் அவற்றைப் பறவையின் எதிரில் தின்று காட்டினால் பல நேரம் வேலை செய்யும். கூட்டமாக மேயும் பறவை, பார்த்துத்தான் கற்கும். அவகாடோ, சாக்லேட், வெங்காயம், பூண்டு, காபி, உப்புப் பண்டம் எதுவும் கூண்டுப் பக்கம் வரக்கூடாது.

அதற்காக முட்டையைத் தினமும் கிண்ணம் நிறையக் கொடுக்கவும் வேண்டாம். தேவைக்கு மேல் போன புரதம் இறகாக மாறாது. போதாததற்கு நிறைந்த சத்துணவு இளம் பறவையை இனப்பெருக்க மனநிலைக்கும் தள்ளும்.

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டை இன்றே நிறுத்துங்கள். தண்ணீரில் கரைந்த வைட்டமின் வெளிச்சம், காற்று பட்டுச் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீரில் பாக்டீரியா செழித்து வளர்கிறது. சுவை மாறியதால் பறவை குறைவாகக் குடிக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. வைட்டமின் ஏ, டி3 இரண்டும் உடம்பில் தேங்குபவை, அளவு மீறினால் நஞ்சு. மருத்துவர் தேவை என்று எழுதிக்கொடுத்தால் அளந்து உணவில் தூவுங்கள்.

நிறம் கூட்டும் தீவனம் என்று விற்பதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். கேனரிப் பறவை உணவிலிருக்கும் நிறமியை இறகுக்கு அனுப்பும். கிளிகள் அப்படியல்ல. அவற்றின் மஞ்சளும் சிவப்பும் சிட்டகோஃபுல்வின் என்ற, கிளிகளுக்கே உரிய நிறமி. அதை இறகு வளரும் இடத்திலேயே உடம்பு தயாரித்துக்கொள்கிறது. கேரட் கொடுப்பது தோலுக்கும் சளிச்சவ்வுக்கும் நல்லது. கன்னத்துச் சிவப்புக்காக அல்ல.

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். தினமும் காலையில், முதல் எச்சம் போட்டபின், சாப்பிடும் முன், தராசின் மேல் ஒரு குச்சியை வைத்து அதில் ஏறச் சொல்லி எழுதுங்கள். காக்டெயில் பொதுவாக 80 முதல் 110 கிராம். நாளுக்கு நாள் இரண்டு மூன்று கிராம் ஏறி இறங்குவது சகஜம். உங்கள் பறவையின் வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கிராம் பறவை 81-க்கு இறங்கினால், வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கிளி நோயை மறைக்கும் உயிர். இறகை உப்பிக்கொண்டிருப்பதை 'இறகு மாறுகிறது, குளிரும்' என்று விட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் நிறைய. இறகு மாறும் பறவை கொஞ்சம் அதிகம் தூங்கும், கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சத்தம் குறையும். ஆனால் சாப்பிடும், உங்களைக் கவனிக்கும். தரையில் உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, பகல் முழுக்க உப்பிக் கண்மூடியிருப்பது, எச்சம் இரண்டு நாளாகத் தண்ணீராக இருப்பது இவை எதையும் இறகு மாற்றத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

தலையில் இருக்கும் அந்த முள்கள் புது இறகுகளேதான். ஒவ்வொன்றும் கெரட்டின் உறைக்குள் சுருட்டி வைத்த குடை மாதிரி. உள்ளே ரத்தம் ஓடும்வரை தொட்டால் வலிக்கும், அதனால்தான் கடிக்கிறான். அன்பு குறையவில்லை. உடம்பிலிருக்கும் உறையைத் தானே அலகால் உரித்துக்கொள்வான். தலைக்கு அலகு எட்டாது. ஜோடி இருந்தால் அது உரித்துவிடும், இல்லாதபோது உங்களிடம் வருவான். உறை முழுக்க வெளுத்து, காகிதம் போல உலர்ந்து, அடியில் கறுப்பு துளியும் இல்லாதவற்றை மட்டும், குளித்து ஈரம் காயும் நேரத்தில், இரு விரல் நுனிக்கிடையில் மெதுவாக உருட்டுங்கள். வெள்ளைப் பொடியாக உதிரும், உள்ளிருந்து இறகு மலரும். முனையிலிருந்து பாதி தூரம் போதும். இறகு முளைக்கும் திசைக்கு எதிராகத் தேய்க்காதீர்கள். சிலிர்த்துக்கொண்டு விலகினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். அவனாகத் தலையைக் குனிந்து கேட்டால் மட்டும் தொடுங்கள்.

உறை மிருதுவாக ஈரம் உதவும். வாரத்துக்கு மூன்று நான்கு முறை, காலையில், வெதுவெதுப்பான வெறும் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தலைக்கு மேலே தெளியுங்கள். முகத்துக்கு நேரே பீய்ச்சினால் பயப்படுவான். தட்டையான கிண்ணத்தில் இரண்டு செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தும் பழக்கலாம். சோப்பு, எண்ணெய், வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. ஹேர் டிரையரும் வேண்டாம். சிலவற்றின் உள்ளே ஒட்டாத பூச்சு இருக்கும், சூடேறினால் அந்த ஆவி பறவையைக் கொன்றுவிடும். சாயங்காலத்துக்குள் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். காக்டெயில் இயல்பிலேயே வெள்ளைப் பொடி உதிர்க்கும் பறவை, இப்போது இன்னும் கூடும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் எழும், ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கூண்டைப் படுக்கையறையிலிருந்து மாற்றுங்கள்.

தூக்கம் 10 முதல் 12 மணி நேரம், தினமும் ஒரே நேரத்தில். இறகு மாறுவதற்கான சுரப்பிகள் பகலின் நீளத்தைப் பார்த்தே இயங்குகின்றன. நள்ளிரவு வரை டிவி வெளிச்சத்தில் இருக்கும் பறவைக்கு அந்தக் கணக்கு குழம்பி, வருடம் முழுக்க இறகு கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறகு குறைந்த உடம்பு சீக்கிரம் குளிரும்.

குஞ்சாக வாங்கும்போது இறக்கையை வெட்டிக் கொடுத்திருந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வெட்டியிருந்தால் இரண்டு விஷயம். வெட்டிய இறகுகளுக்கு நடுவில் முளைக்கும் ரத்த இறகுக்கு இரு பக்கமும் அணை இல்லை, அதனால் முறிவது எளிது. உங்கள் வீட்டில் நடந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அடுத்தது, இந்த மாற்றம் முடியும்போது முழுச் சிறகு திரும்பிவிடும். நேற்றுவரை தத்திய பறவை ஒரு நாள் காலையில் திடீரென்று அறையைக் கடந்து பறக்கும். சன்னலுக்கு வலை, வெளியே விடும்போது ஃபேன் நிறுத்தம், மூடிய வாளி, கண்ணாடிச் சன்னலில் திரை இவற்றை இப்போதே பழக்கமாக்குங்கள். மறுபடி வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், ரத்த இறகு ஒன்று இருந்தாலும் கத்தரி பக்கத்தில் வரக்கூடாது.

ஆணா, பெண்ணா? சாம்பல் நிறக் காக்டெயிலில் இந்த முதல் மாற்றமே பதில் சொல்லிவிடும். இப்போது வாலின் அடிப்பக்கம் குறுக்கே மெல்லிய மஞ்சள் வரிகளும், சிறகின் உட்பக்கம் மஞ்சள் பொட்டுகளும் இருக்கும். குஞ்சில் இரண்டு பாலுக்கும் அப்படித்தான். ஆணாக இருந்தால் புதிதாக முளைக்கும் வால் இறகின் அடிப்பக்கம் வரியில்லாமல் கறுத்து வரும், சிறகுப் பொட்டு மறையும், முகம் பளீர் மஞ்சளாகும். பெண்ணுக்கு வரியும் பொட்டும் அப்படியே திரும்ப வரும், முகம் சாம்பல் பூசியே இருக்கும். முத்துப் புள்ளி வகையில் ஆண் இதே காலத்தில் புள்ளிகளை இழக்கத் தொடங்கும். லுட்டினோவிலும் வெள்ளைத் திட்டு வகையிலும் இந்த அடையாளங்களை நம்ப முடியாது. ஐந்து மாதத்திலேயே விசில் அடித்தான் என்கிறீர்கள், அது ஆண் பக்கம் சாயும் சேதி. டிஎன்ஏ சோதனைக்கென்று இறகைப் பிடுங்க வேண்டாம். தானாக விழுந்த இறகில் தேவையான உயிரணுக்கள் பெரும்பாலும் இருக்காது. மருத்துவர் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தமே போதும். அதுகூட அவசரமில்லை. கவரில் சேர்த்து வைக்கும் பழைய வால் இறகு ஒன்றை ஒன்பதாம் மாதம் எடுத்து, பறவை உயரத்தில் உட்காரும்போது கீழிருந்து தெரியும் அதன் புது வாலின் அடிப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.